மைக் பிடித்தவனும் என் காரா பன்னும்

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அவசரக் கூட்டம். தலைப்பு: ‘நம் மக்களிடையே குற்றங்கள் பெருகக் காரணம் என்ன?’

கூட்டத்துக்குக் காரா பன் — வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட கார பன் — என் உபயம். மூன்றாம் கிளாஸோடு படிப்பை முடித்தவன் நான். இன்று மைசூரில் மூன்று பேக்கரி. என் பன் இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு கூட்டமும் கூடாது... வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

விஷயம் நர்ஸ் ஸ்டெல்லாவைப் பற்றியது. காலை டியூட்டிக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றவளை ஒருவன் கட்டிப் பிடித்திருக்கிறான். உதறித் தள்ளினாள். ஓங்கி அறைந்தான். உதட்டில் தையல். ஆள் யார்? எங்கள் மைக் செட் ஆல்பர்ட். பார்த்தது யார்? பால் வாங்க வந்த சங்கச் செயலாளர், ரிட்டயர்டு வாத்தியார் சாமுவேல் சார். போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. சாட்சியைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சார் போகவில்லை. கூட்டம் போட்டார்!

கூட்டத்துக்கு மைக் செட்? ஆல்பர்ட்டேதான். ‘ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்...’

காரணங்கள் கொட்டின. செல்போன். எரியாத தெருவிளக்கு. டைட் பேன்ட். பஸ் ஸ்டாப்புக்கு வாஸ்து சரியில்லை என்றார் ஒருவர் — கையில் பைபிளோடு! ஆல்பர்ட்டும் பேசினான்: “வீட்ல பசங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுக்கணும்.” கைதட்டல் வேறு.

ஸ்டெல்லா எழுந்தாள். “சாமுவேல் அங்கிள், காரணம் அங்க மைக் பிடிச்சுட்டு நிக்குது. நீங்க பார்த்தீங்கல்ல? ஸ்டேஷனுக்கு வாங்க.”

“தனி மனுஷனைப் பேசாதேம்மா. சமூகத்தைப் பாரு. அடுத்த வாரம் சர்ச் தேர்... ஃப்ரீயா மைக் செட் யாரு குடுப்பா?”

“தையல் போட்டது சமூகத்துக்கா அங்கிள், எனக்கா?”

பின்வரிசையிலிருந்து கன்னட ‘ரீ’ போட்டு மரியாதையாக ஒரு குரல்: “காரமும் ஒரு காரணம்தான் ரீ. இந்தக் காரா பன் தின்னா ரத்தம் சூடாகும்.”

என் பன்னா? மைசூரே தின்கிற பன்! நானே தினமும் இரண்டு தின்கிறேன். எவள் மேலாவது கை வைத்தேனா?

எழுந்தேன். “சார், கிளம்புங்க.”

“தீர்மானம் இன்னும் போடலியே...”

“நடக்கறீங்களா, தூக்கட்டுமா? மைதா மூட்டை தூக்கின தோள் இது.”

நடந்தார். என் காரிலேயே மூவரும் போனோம். ஸ்டேஷனில் எஸ்.ஐ. என்ன நடந்தது என்று கேட்டார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு கன்னடத்தில் ஆரம்பித்தார்: “ஈ மொபைல் பந்த மேலே சார்...” மொபைல் வந்த பிறகுதானாம்!

“அங்கிள்,” என்றாள் ஸ்டெல்லா. “பேரு.”

சார் அவள் உதட்டைப் பார்த்தார். என் தோளையும் பார்த்தார். பெயரைச் சொன்னார். கண்ணால் பார்த்ததையும் சொன்னார். கையெழுத்தும் போட்டார்.

குற்றத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கட்டும். செய்தவனுக்குப் பெயர் ஒன்றுதான். சொல்லிப் பாருங்கள்... வாய் சுடாது.