பதில் பெல்

குணசுந்தரி ஊரிகத்தில் தங்கச் சுரங்க ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் பார்த்தவள். அங்கே என்னடி வேலை என்று அப்பா ராஜப்பா கேட்டதற்கு, "புரோக்கர் வைக்கிறேம்பா" என்றாள்.

"இன்னா, கல்யாணப் புரோக்கரா?"

"அய்யே! சேதி புரோக்கர். பூமி அதிர்ந்தா கருவி சேதி அனுப்பும். யாருக்குன்னு அதுக்குத் தெரிய வேணாம். கேக்கறேன்னு பேர் குடுத்தவங்களுக்கெல்லாம் நடுவுல கீற புரோக்கர் கொண்டுபோய்க் குடுக்கும். ஆஸ்பத்திரி, ஃபயர் ஸ்டேஷன், கீழ பம்ப் ரூம், எல்லாத்துக்கும்."

சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜுக்கு, ஷாஃப்ட் குழியின் வாயில் நின்று பெல் அடித்தே தலை நரைத்தவர் ராஜப்பா. "கீழ இருந்து பதில் பெல் வராம நாங்க கேஜை அசைக்க மாட்டோம். உன் புரோக்கருக்கும் அத்த சொல்லி வை" என்றார். அவளும் அப்படியே வைத்துவிட்டாள். வாங்கியவரிடமிருந்து பதில் வரும்வரை எந்தச் சேதியையும் அது தூக்கிப் போடாது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஒரு நாள் கெடு வைத்திருப்பாள். இவள் சுரங்கக்காரன் மகள், என்ன செய்வது!

சுரங்கத்தை மூடுவதற்குச் சில மாதம் முன் கீழே பாறை வெடித்தது. பம்ப் ரூமில் வேலையாக இருந்த அவள் தம்பி செல்வமணி மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பிறகு சுரங்கத்தை மூடினார்கள், கேஜை வெட்டிப் பழைய இரும்புக்கு லாரி ஏற்றினார்கள். கீழே தண்ணீர் ஏற ஏற ஊர் அதிர்ந்துகொண்டே இருந்ததால் புரோக்கரை மட்டும் விட்டுவைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள குணசுந்தரியையும்.

வினையே அங்கேதான். பம்ப் ரூமுக்கான சேதிகள் பதில் இல்லாமல் குவிந்தன. இடம் நிரம்பினால் புரோக்கர் நின்றுபோகும். அப்புறம் பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸில் வீடு இடிந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. "பம்ப் ரூம் பேரை எடுத்துடும்மா, இன்னிக்கே" என்றார் மேலதிகாரி சாம்சன். தங்கமான மனுஷர், அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அவள் மத்தியானம்வரை தள்ளிப்போட்டாள். பெயரை எடுத்தால் தம்பி செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி.

மத்தியானம் அப்பா சோறு கொண்டுவந்தபோது அவள் விரல் பெயரை எடுக்கும் பட்டன்மேல் இருந்தது. இன்னும் அழுத்தவில்லை. ஆனாலும் திரையில் குவிந்த சேதிகளின் எண்ணிக்கை குறைந்தது. மறுபடி குறைந்தது. பழைய சேதி முதல் வரிசையாக ஒவ்வொன்றுக்கும் பதில் வந்துகொண்டிருந்தது. பம்ப் ரூமுக்குப் போன கேபிளோ கழற்றப்பட்டு அதே அறை மூலையில் சுருண்டு கிடந்தது.

"இன்னாம்மா, பேயறைஞ்சாப்ல கீற?"

"பதில் வருதுப்பா. பம்ப் ரூம்ல இருந்து."

அவளுக்குப் பயம்தான், பொய் சொல்வானேன்? பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அன்று காலை அதிர்ந்த சேதிக்கும் பதில் வந்து, எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றது. இனி பெயரை எடுக்க வேண்டியதில்லை. புரோக்கரும் நிற்காது.

ராஜப்பா சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தார். வலது கை தானாக உயர்ந்து, வெறும் சுவரில் பெல் கயிற்றைத் தேடியது.

"பதில் வந்துச்சின்னா கேஜ் எறக்கணும்மா" என்றார். "புள்ள காத்துக்கினு கீறான்."