மரவிழுங்கியின் பற்கள்

பல் மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கும் சின்ன அறையில் பதினெட்டு வருடமாகப் பல் செட் செய்பவள் அவள். ஊர்ப் பெரிய மனிதர்களில் பாதிப் பேரின் சிரிப்பு அவள் கைவேலை. வாசகர் வட்டத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். ஐந்து பாகமாக வந்த ஒரு மாயக்கதை நாவலை அட்டை கிழியும்வரை படித்த பத்துப் பன்னிரண்டு பேர்தான் அந்த வட்டம்.

அந்த நாவலைப் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. பறக்கும் படகு வருகிற இடத்தில் பாட்டுப் போட்டுக் கெடுத்துவிடக் கூடாதே என்று தபால்காரருக்குக் கவலை. மூன்றாம் பாகத்தில் சாகிற இளவரசி படத்திலாவது பிழைத்துவிட மாட்டாளா என்று கணக்கு டீச்சருக்கு நப்பாசை. பல்லக்காவின் மனதைக் குடைந்தது மரவிழுங்கிதான். காட்டு நடுவில் தனியாக வாழ்ந்து, வழிதவறி வருகிறவர்களிடம் அவர்கள் மறந்துபோன பேச்சைத் திருப்பிச் சொல்லும் விலங்கு அது.

முதல் போஸ்டரில் மரவிழுங்கி வாயைப் பிளந்து நின்றது. வாய் நிறையக் கோரைப்பல். மற்றவர்கள் வாயடைத்துப்போய்ப் பார்க்க, அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள்.

“பட்டையும் வேரும் தின்கிறதுக்கு எதுக்கு இத்தனை கோரைப்பல்?”

சினிமாவுக்கு அப்படித்தான் வேண்டும் என்றார் தபால்காரர். அவளுக்கு மனசு ஆறவில்லை. ஐந்து பாகத்தையும் புரட்டி, மரவிழுங்கி சாப்பிடும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டாள். பதினொரு இடம், ஒன்றில்கூட இறைச்சி இல்லை. மறுநாள் மதிய இடைவேளையில் மெழுகில் ஒரு செட் செதுக்கினாள். பின்னால் அகலமான தட்டைப் பற்கள், முன்னால் பட்டை உரிக்க உளி மாதிரி நாலு. பக்க எண்களையும் எழுதிச் சேர்த்து, படக் கம்பெனி முகவரிக்குப் பார்சல் கட்டினாள். அவங்களுக்கு வேற வேலை இல்லையா என்று சிரித்த கணவர்தான் பேருந்து ஓட்டப் போகிற வழியில் பார்சலை அனுப்பிவைத்தார்.

ஆறு வாரம் பேச்சு மூச்சில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படத்தின் ஒப்பனைப் பிரிவைக் கவனிக்கும் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

“தட்டைப் பல்லைப் பார்த்து ஜனங்க எப்படிம்மா பயப்படுவாங்க?”

“புத்தகத்துல அதோட பல்லைப் பார்த்து யாரும் பயப்படலைங்க. வாயைத் திறந்தா என்ன சொல்லிடுமோன்னுதான் பயப்படுறாங்க.”

அடுத்த வாரமே மரவிழுங்கியாக நடிக்கிறவரை அளவெடுக்க அனுப்பிவைத்தார்கள். நாடக மேடையிலிருந்து வந்தவர். ஊசி என்றால் நடுக்கம். இங்கே ஊசியே கிடையாது என்று அவள் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார். பத்து நாள் கழித்து, மெருகேற்றிய பற்களை அவர் வாயில் பொருத்தி, எங்காவது குத்துகிறதா என்று பேசிப்பார்க்கச் சொன்னாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “வா, உட்கார். நீ மறந்துபோன பேச்சு ஒன்று என்னிடம் இருக்கிறது.”

இத்தனை வருடமும் அவள் காதுக்குள் மரவிழுங்கி இடி மாதிரிதான் பேசியது. இதுவோ தணிந்த குரல். யாரோடும் பேசி வெகுநாள் ஆனவர் தயங்கித் தயங்கிப் பேசுகிற குரல். பற்களுக்கிடையே காற்று லேசாகச் சீறியது. பல்லைச் சரிபார்க்கவே அவளுக்கு மறந்துபோயிற்று.

“குத்தலைம்மா. சரியா இருக்கா?”

“இன்னொரு தரம் சொல்லுங்க.”

படம் வரும்வரை வாய் திறக்கக் கூடாது என்று படக் கம்பெனியில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வட்டத்தில் எல்லோரும் அவளைத் துளைத்தெடுத்தார்கள். இளவரசியைப் பற்றித் தனக்கும் தெரியாது என்று டீச்சரிடம் உண்மையைச் சொன்னாள்; டீச்சர் நம்பவில்லை.

படம் வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அவள் நாவலைத் திரும்ப எடுத்திருக்கிறாள். சில பக்கங்களில் பழைய இடிக்குரல் வருகிறது, சிலவற்றில் அந்தத் தணிந்த குரல். எந்தப் பக்கத்தில் எது வரும் என்று அவளுக்கே தெரிவதில்லை. அதனால் மெதுவாகப் படிக்கிறாள். இப்போதுதான் இரண்டாம் பாகம்.