ஜப்பான் செட்டும் ஆறு மணி கரண்ட்டும்

பச்சை வெளிச்சம்... அதற்குள் இரண்டு முள். பாட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்தபடி அவை துள்ளுவதைப் பார்க்கவே கள்ளக்குறிச்சியில் கூட்டம் நிற்கும். எண்பதுகளின் நடுவில் கலியபெருமாள் வைத்திருந்த ஜப்பான் செட் அது.

எனக்கும் அவனுக்கும் ஒரே தொழில். கல்யாணம், திருவிழாவுக்கு மைக் செட் வாடகைக்கு விடுவது. என்னைவிட இளையவன். நான் ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கராகச் சேர்த்து, சைக்கிளில் கட்டி மிதித்து மேலே வந்தவன். அவனுக்கோ கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருத்தர், மெட்ராசில் இறங்கியபோது செட்டை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த செட்டில் ஒரே ஒரு வில்லங்கம். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் நூறு வோல்ட்டாம். நமக்கு இருநூற்று முப்பது. நேராகச் சொருகினால் கருகிவிடும். அதனால் இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டியை வைத்து, பாதியாகக் குறைத்துக் கொடுப்பான். நல்ல கனம். உம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனகலைக் கேட்டால்கூட எனக்குப் பொறாமைதான்...

அப்போதுதான் என் மச்சினிக்குக் கல்யாணம் வந்தது. மாமனாரே கடைக்கு வந்தார்.

"மாப்ள... தப்பா நெனச்சுக்காதீங்க. ஜப்பான் செட்டுதான் வேணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது. நீங்க வூட்டு மனுஷரு. வந்தமா, சாப்பிட்டமான்னு உக்காந்துக்கினு இருங்க."

மைக் செட் வைத்திருக்கிற மருமகன், சொந்த மச்சினி கல்யாணத்தில் வெறும் விருந்தாளி!

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், நலங்கு. மாமனார் ஊர் சங்கராபுரம் தாண்டி, கல்வராயன் மலையடியில். சுற்றிலும் கரும்பு. அந்நேரத்துக்கு எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஓடும். வீட்டு பல்பு சிவப்புக் கம்பியாகத்தான் தெரியும்.

கலியன் செட்டைப் போட்டான். பச்சை விளக்கு வந்தது, போனது. பாட்டு இழுத்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னாப்பா, ஒன் ஜப்பான்காரனுக்கு ஜொரமா?"

எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

கலியன் மீட்டரை வைத்துப் பார்த்தான். "நூத்திப் பத்துதாண்ணா வருது! அதையும் பெட்டி பாதியாக்கினா எப்டிப் பாடும்?" பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தான். நேராகச் சொருகினான்.

பாடியதே பார்க்கணும்... பந்தலே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பாத்தீங்களாண்ணா? ஒங்க மாமனார் ஊருக்கு ஜப்பான் கரண்ட்டே வுட்டுட்டாங்க!"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறுக்குப் பத்து நிமிடம்.

அந்த ஊரில் ஆறு மணிக்கு மோட்டாருக்கான கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். மோட்டார்கள் ஓய்ந்ததும் வீட்டுக் கரண்ட் ஒரே தாவலாக மேலே போகும். மாமனார் வீட்டில் படுத்து எழுந்த எனக்கு அது தெரியும். டவுன்காரன் கலியனுக்குத் தெரியாது. 'கலியா, பெட்டியைப் போடு' என்று சொன்னால் போதும்.

தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சினி வந்தாள். மஞ்சள் பூசிய முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"மாமா, கேட்டீங்களா? இதான் செட்டு!"

கையில் இருந்த பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆறு மணி. பல்பு பளீரென்று வெளுத்தது. இரண்டு முள்ளும் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டன. 'பட்'. கருகின நாற்றம், நூலாகப் புகை... பாட்டு நின்ற அமைதியில் சமையல்காரர் கரண்டிச் சத்தம் கேட்டது.

மாமனார் ஓடிவந்தார். "மாப்ள, நீங்கதான் மானத்தக் காப்பாத்தணும்!"

வேன் பிடித்து என் செட்டைக் கொண்டுவந்தேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பந்தியில் உட்கார்ந்தால் இலைக்கு இலை ஒரே பேச்சு. "அந்தப் பத்து நிமிசம் பாடிச்சு பாரு..." என் குழாய் ஸ்பீக்கர் தலைக்குமேல் கத்திக்கொண்டிருந்தது, ஒருத்தரும் கவனிக்கவில்லை. செத்த செட்டும் என்னைத் தோற்கடித்தது.

கலியன் எனக்காக ஒயர் இழுத்துக் கட்டினான். "நீங்க மட்டும் இல்லன்னா இன்னிக்கி என்னியக் கட்டி வச்சிருப்பாங்கண்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையை உதற முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

அந்த செட்டுக்கு ஸ்பேர் கிடைக்கவே இல்லை. கொஞ்ச நாளில் அவன் தொழிலையே விட்டுவிட்டான். தன் அவசரத்தால்தான் போச்சு என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். இதைப் படித்தால் படிக்கட்டும்.

இப்போது என் ஷோரூமுக்கு எந்தெந்த நாட்டு ஸ்பீக்கரோ வருகிறது. நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை எந்த கரண்ட்டையும் தாங்கும் என்று அடாப்டரிலேயே போட்டிருக்கிறது. யாரும் யாருக்கும் எச்சரிக்கை சொல்லத் தேவையில்லை. வயிறு எரிகிறவன் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றாலும் ஒன்றும் கருகாது.

இந்தக் காலத்துப் பொறாமைக்காரர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது...