அழகுபாண்டியைச் சேர்த்துக்கொண்ட சோதனை

டவுன் பஸ் டிரைவர் அழகுபாண்டிக்கு மலச்சிக்கல் புதிதல்ல. ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து அடக்கி அடக்கியே பழகிய வயிறு. ஆனால் அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் குடலில் புற்று என்றார்கள், ஆளே போய்விட்டார். அந்தப் பயத்தை அழகுபாண்டி வீட்டில் மூச்சுவிடவில்லை. மீசை வைத்த மனிதர்கள் பலரும் இப்படித்தான். பயம் என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஹோமியோபதி ஆஸ்பத்திரியில், பெரியவர்களின் மலச்சிக்கலுக்கு அந்த மருந்து கேட்கிறதா என்று சோதனை நடத்தினார்கள். மனைவி முத்துச்செல்வியிடம் முதுகுவலி என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கதையைக் கேட்டதும் டாக்டர் ரம்யாஸ்ரீ, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார். ரத்தமும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உங்களைச் சேர்த்துக்கலாம் சார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் சீனி உருண்டை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது" என்றார்.

அதே சோதனைக்கு வந்திருந்த பரவை காய்கறி வியாபாரி கண்ணுச்சாமியை மட்டும் "உங்களுக்கு இது வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்லா இருக்கிறவனை விட்டுவிட்டார்கள், தேறாத கேஸைத்தான் சோதனைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று அழகுபாண்டி தானாகவே முடிவு கட்டினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாட்டாரே! வீட்டுக்கு வந்த கையோடு, கல்லூரியில் படிக்கும் மகள் ரோகிணிக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார்.

"படிப்பு முடியட்டும்ப்பா" என்று அவள் அழுதாள்.

"நான் கண்ணால பாத்துட்டுப் போகணும்த்தா" என்றார். எங்கே போகிறார் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. எழுமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அவர்கள் வர இன்னும் கொஞ்ச நாளே இருக்கும்போது, பரவை நிறுத்தத்தில் கண்ணுச்சாமி பஸ் ஏறினார்.

"என்னண்ணே, மாத்திரை கேக்குதா? எனக்குத் தைராய்டு கோளாறாம். அதனாலதான் வயிறு அம்புட்டு மக்கர் பண்ணிருக்கு. வேற நோய் இருந்தா அந்தச் சோதனையில சேக்க மாட்டாகளாம்ண்ணே. நீங்க குடுத்து வச்சவரு."

டூட்டி முடிந்ததும் அழகுபாண்டி காக்கிச் சட்டையோடு போய் டாக்டர் முன்னால் நின்றார். "எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் இருக்காம்மா?"

டாக்டர் திகைத்துப்போனார். "குடல் சுத்தமா இருக்கு சார். இல்லேன்னா உங்களைச் சேர்த்திருக்கவே மாட்டேன். அன்னைக்கே விளக்கமாச் சொல்லியிருக்கணும், என் தப்புதான்."

அழகுபாண்டிக்கு உயிர் திரும்பி வந்தது. வீட்டில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். முத்துச்செல்வி முதலில் திட்டினாள், பிறகு அழுதாள். "இம்புட்டையும் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு பஸ்ஸை வேற ஓட்டிருக்கீகளே!"

மறுநாள் காலையில் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவரின் முகம் தெளிந்திருந்தது. மருந்தா சீனியா என்பது சோதனை முடிந்தால்தான் தெரியும். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. எழுமலைக்குப் போன் போட்டார்.

"கோவிச்சுக்கிராதீங்கண்ணே. எம்மக படிச்சு முடிக்கட்டும். அவசரம் ஒண்ணுமில்ல. நான் எங்கயும் போகல, இங்கதான் இருப்பேன்."