யோபு ஓரங்கட்டிய இடங்கள்

திருத்தணியில் டிரைவர் யோபு என்றால் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்து நான்கு வருஷமாக வண்டி ஓட்டுகிறார், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்பது அவர் பெருமை. இடித்திருந்தால் மட்டும் சொல்லிக்கொண்டா திரிவார் என்று கேட்பவர்களும் உண்டு. நானும் அவரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு முன் பெஞ்சில் உட்காருவார். பல வருஷமாக அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் கேட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நல்ல மனிதர், பிடிவாதக்காரர், தன் குறையைத் தவிர ஊரில் எல்லார் குறையும் அவர் கண்ணுக்குத் தெரியும்.

பதினெட்டு வருஷமாக அவர் நாகேந்திரன் வீட்டு டிரைவர். நாகேந்திரனுக்குப் பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிற பவர்லூம்கள் ஓடுகின்றன, குடியிருப்பது திருத்தணியில். அவர் மனைவி கமலா வெள்ளிக்கிழமை தவறாமல் மலைக்கோயிலுக்குப் போகிறவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே யோபு தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். முதலாளி வீட்டுச் சாமி விஷயத்தில் கை வைப்பதில்லை. வண்டிக்குப் பொட்டு வைக்க மாட்டார், வைத்த பொட்டை அழிக்கவும் மாட்டார். வண்டி கழுவும்போது பொட்டைச் சுற்றித்தான் கழுவுவார். அது காய்ந்து உதிர்ந்தால் சாமிக்கும் காற்றுக்கும் உள்ள விவகாரம். இந்தச் சட்டத்தால் பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் மதச் சண்டை என்று ஒன்று வந்ததில்லை.

போன வருஷம் நாகேந்திரன் புதுக் கார் எடுத்தார். உயர்ந்த மாடல். டிரைவருக்கு மேலே தொங்குகிற பின்பக்கக் கண்ணாடி அதில் தானாகவே மங்கும் என்று விற்றவர் விளக்கினார். பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி நீலம் பாய்ந்து கறுத்து, கூச்சத்தை விழுங்கிவிடுமாம். அதற்காகக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மிளகளவுக்கு ஒரு கண் வைத்திருந்தார்கள்.

யோபுவுக்கு இது பிடிக்கவில்லை. பழைய வண்டிக் கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன லிவர் இருக்கும். பின்னால் வருகிறவன் ஹைபீம் போட்டால் ஒரு விரலால் அதைத் தட்டுவார், வெளிச்சம் அடங்கிவிடும். அந்தத் தட்டுக்கு ஒரு டிரைவரின் அனுபவம் வேண்டும் என்பது அவர் கட்சி. புதுக் கண்ணாடியில் லிவரே கிடையாது.

"எல்லாத்தையும் அதுவே பண்ணிக்கும்னா நான் எதுக்கு, தூங்கறதுக்கா?" என்று என்னிடமே கேட்டார்.

ஒரு மாதத்தில் கட்சி மாறினார். புது மாப்பிள்ளையை மாமியார் புகழ்கிற மாதிரி கண்ணாடியைப் புகழ ஆரம்பித்தார். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவருக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. எந்த விளக்கைப் பார்த்தாலும் அது உடைந்து சிதறித் தெரிந்தது. பகலில் குறையில்லை, இருட்டில் வெளிச்சம் பட்டால்தான் ஆபத்து. கண் தெரியாத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? வேறு தொழில் தெரியாது, வயது ஐம்பத்தேழு. மனைவி தேவசுந்தரியிடம்கூட வாய் திறக்காமல் இருந்தவருக்கு அந்தக் கண்ணாடி, பைபிளில் பசித்தவர்களுக்கு வானத்திலிருந்து இறங்கின மன்னா என்கிற அப்பம்.

மன்னா ஐந்து வாரம்தான் நீடித்தது. காருக்கு மலையில் பூஜை போட்டபோதே சக்கரத்துக்கு எலுமிச்சை, முகப்புக்குச் சந்தனம் எல்லாம் முறையாக நடந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கமலா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி மட்டும் மூளியாக இருக்கிறதே என்றார். சந்தனத்தைக் குழைத்து அந்த மிளகளவுக் கண்ணின் மேல் அச்சாக வைத்து, நடுவில் குங்குமத்தையும் இட்டார்.

"கம்பெனிக்காரனே பொட்டுக்கு எடம் வுட்டு வெச்சிருக்கான் பாருங்கண்ணா" என்று யோபுவிடம் சந்தோஷமாகக் காட்டினார்.

"ஆங், கரெக்டாதாம்மா கீது" என்றார் யோபு.

அன்று இருட்டியதும் பின்னாலிருந்து வெளிச்சம் பட்டபோது கண்ணாடி மங்கவில்லை. ஏன் மங்கவில்லை என்று யோபுவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? சட்டம் சட்டம்தான். துடைத்தால், கிறிஸ்துவன் பொட்டை அழித்தான் என்று ஆகும். தள்ளி வைக்கச் சொன்னால், முப்பத்து நான்கு வருஷம் இந்தக் கண்ணாடி இல்லாமல்தானே ஓட்டினாய், இப்போது கண்ணுக்கு என்ன என்று முதலாளி கேட்பார். கண்ணாடியைக் கையால் திருப்பலாம்தான். மேலே திருப்பினால் கூரை தெரியும், கீழே திருப்பினால் பின் சீட்டில் இருக்கிற பெண்களின் முகம் தெரியும். முதலாளி வீட்டுப் பெண்கள் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிற டிரைவர் என்று பெயர் வாங்குவதைவிடக் குருடன் என்று பெயர் வாங்குவது மேல். வெள்ளிக்குவெள்ளி கமலா பொட்டைப் புதுப்பித்தார். யோபு வெள்ளிக்குவெள்ளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகேந்திரனின் மகள் பிரியங்கா சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள். திங்கள்கிழமைதோறும் விடிவதற்கு முன்னால் அப்பா, அம்மா, மகள் மூவரையும் ஏற்றிக்கொண்டு யோபு கிளம்புவார். ரயில் இருக்கிறது; ஆனால் புதுக் கார் வாங்கினவன் வீட்டில் ரயிலுக்கு ஏது மரியாதை. பொட்டு வைத்த பிறகு வந்த முதல் திங்களன்று ரேணிகுண்டா பக்கமிருந்து வந்த லாரி ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு ஹைபீம் போட்டது. யோபுவுக்குச் சாலை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. வண்டியை இடது பக்கம் இறக்கி நிறுத்தினார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இன்னா யோபு, இங்க நிறுத்திட்ட?" என்றார் நாகேந்திரன்.

பயத்தில் மனிதனுக்கு எது வாயில் வருமோ அது வந்தது. "ஒண்ணுமில்ல மொதலாளி. ஒரு சின்ன ஜெபம்."

யோபு கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தபோது பின் சீட்டில் கமலாவும் கை கூப்பியிருந்தார்.

ஒருமுறை சொன்ன பொய் அதோடு விடுமா? அதற்குப் பிறகு எந்த லாரி பின்னால் வந்து வெளிச்சம் அடித்தாலும் யோபு ஓரங்கட்டினார், கண்ணை மூடினார். திருவள்ளூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று ஜெபம், நான்கு ஜெபம் ஆனது. பிரியங்கா முதலில் சிரித்தாள், பிறகு அவளும் போனை மடியில் வைத்துவிட்டுக் கை கூப்பினாள். கமலா அக்கம்பக்கத்தில் சொன்னார்: "எங்க யோபண்ணா மாதிரி பக்தி யாருக்கு வரும்? ரோட்டுல போய்க்கினே இருப்பாரு, திடீர்னு சாமி ஞாபகம் வந்துடும்." மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டிக்கொள்ளும்படி யோபுவிடம் ஒரு ஜெபக் குறிப்பும் கொடுத்தார்.

செய்தி எங்கள் சபை ஆயரின் காதுக்குப் போனது. சபையில் எழுந்து தன் ஜெப அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று யோபுவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார். முதலாளியிடம் பொய் சொல்வது பிழைப்பு. பலிபீடத்துக்கு முன்னால் நின்று சொல்வது வேறு. அந்த வாரம் முழுக்க மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை என்று தேவசுந்தரி பின்னால் சொன்னார்.

அந்த ஞாயிறு நாகேந்திரனும் கமலாவும் பட்டுத் துணியில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யோபு மைக்கைப் பிடித்தார்.

"நான் ஜெபம் பண்ணல" என்றார். "லைட்டு கண்ணுல அடிச்சிது. ரோடு தெரியல, அதனால நிறுத்தினேன். எனக்குக் கண்ணு சரியில்ல. இதான் நெசம்."

முன்வரிசையில் யாரோ "ஆமென்" என்றார். அடுத்தடுத்து ஆமென்கள் வந்தன. பவுலடிகளையும் இப்படித்தான் வழியில் ஒரு பேரொளி தாக்கியது, அவருக்கும் கண் தெரியாமல் போனது என்று ஆயர் அந்த இடத்திலேயே பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். இவ்வளவு ஜெபித்தும் ஜெபிக்கவில்லை என்கிறாரே, என்ன தாழ்மை என்று என் பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சிந்தினார். நானும் ஆமென் சொன்னேன், அதை ஒளிப்பானேன். கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையை இவ்வளவு சத்தமாகச் சொல்லி இவ்வளவு மோசமாகத் தோற்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

நம்பியது தேவசுந்தரி ஒருத்திதான்.

"பொய் சொன்னா உனுக்கு மூக்கு வேர்க்கும்" என்றாராம் வீட்டுக்குப் போனதும். "இன்னிக்கு வேர்க்கல. நாளைக்கு அந்த மூணு பேரையும் ஏத்திகினு போவாத. சாவியக் குடுத்துட்டு வா."

இதற்குமேல் நடந்ததை யோபுவே எனக்குச் சொன்னார். திங்கள் விடியுமுன் போய், கார் சாவியை நாகேந்திரன் கையில் வைத்தார்.

"சபையில சொன்னது தாழ்மை இல்ல மொதலாளி. எனக்கு மெய்யாலுமே தெரியல. உங்க பொண்ண வெச்சிகினு இனிமே ஓட்ட மாட்டேன்."

பதினெட்டு வருஷ வேலை ஒரு நிமிஷத்தில் கை மாறியது. நாகேந்திரன் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, நான் ஓட்டுறேன். நீ வந்து பக்கத்துல குந்து" என்றார்.

கனகம்மாசத்திரம் தாண்டியதும் கல் லாரி ஒன்று பின்னால் வந்து சேர்ந்தது. கார் முழுக்க வெளிச்சம். நாகேந்திரனுக்கு ஐம்பது வயது, கழுகுக் கண். அவரே தடுமாறி, வண்டியை இழுத்து ஓரமாக நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். பின் சீட்டில் பழக்கதோஷத்தில் தாயும் மகளும் கண்ணை மூடிக் கை கூப்பிவிட்டார்கள்.

"இத வெச்சிகினு இத்தினி மாசமா எப்படிய்யா ஓட்டின?" என்றார் நாகேந்திரன் மெதுவாக.

"கண்ணாடில கண்ணு மாதிரி ஒண்ணு கீதுங்க. அதும்மேலதான் அம்மா பொட்டு வெக்கறாங்க. ஏழு மாசமா அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

நாகேந்திரன் பொட்டைத் துடைக்கக் கையைத் தூக்கினார். பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார். கை தானாக இறங்கியது.

"நீயே சொல்லிடு" என்றார்.

"நீங்க சொல்லுங்க மொதலாளி."

இரண்டு ஆண்களும் கமலா கண் திறக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் யோபுதான் சொன்னார். பொட்டைப் பற்றிச் சொன்னார், கண்ணைப் பற்றிச் சொன்னார். கமலா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"இத்த அன்னிக்கே சொல்லி இருந்தா அன்னிக்கே தள்ளி வெச்சிருப்பேனேண்ணா" என்றார். குரலில் கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது.

"மொதல்ல ஆபரேஷன் முடியட்டும்" என்றார் நாகேந்திரன். "அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும். அப்புறம் உன்கிட்ட."

யோபுவுக்கு நெஞ்சு லேசானது. ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "அம்மா, நான் ஒருநாளும் இங்க நின்னு ஜெபம் பண்ணல. பயந்துகினு கண்ண மூடினேன், அவ்ளோதான்."

கமலா அவரை விசித்திரமாகப் பார்த்தார். "நான் மட்டும் இன்னா பண்ணினேன்னு நெனச்சீங்க? லாரிக்காரன் லைட்டப் போட்டதும் எனக்கு உசுரு போயிடும். அதனாலதான் கும்பிட்டேன். பயமில்லாதவன் எதுக்குண்ணா கும்பிடப் போறான்?"

இடப்பக்க சீட்டில் யோபு, ஸ்டீயரிங் இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டு, தலை குனிந்து கண்ணை மூடினார். அப்போது பின்னால் எந்த லாரியும் வரவில்லை.