அப்பா எழுதிய மொய் செக்

டியூஷனுக்கு மாதம் முந்நூறு ரூபாய். அதற்கும் என் அப்பா செக் எழுதித்தான் அனுப்புவார். மடியாமல் கணக்குப் புத்தகத்தின் நடுவில் வைத்து, "மிஸ் கையில குடு, வேற யாருகிட்டயும் குடுத்துடாத" என்று சொல்லி அனுப்புவார். மற்றப் பிள்ளைகள் கசங்கிய நூறு ரூபாய்த் தாள்களை நீட்டுவார்கள், இல்லையென்றால் "அம்மா போன்ல போட்டுட்டாங்க மிஸ்" என்பார்கள். நான் மட்டும் புத்தகத்தை விரித்து அந்த நீளத் தாளை எடுத்து வைக்க வேண்டும். மிஸ் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்கப்பா இன்னா, மில்லு ஓனரா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் காது மடல் சுடும்.

அப்பா மில் ஓனர் இல்லை. எங்கள் ஊர் வில்லியனூருக்குப் பக்கம். அங்கிருந்து திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஒன்று வைத்திருந்தார். வைத்திருந்தார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. முக்கால் வேன் பைனான்ஸ்காரருடையது. அந்தக் கடனுக்காகத்தான் வங்கியில் முதன்முதலாக அவருக்குச் செக் புத்தகம் கொடுத்தார்கள். மாதத் தவணைக்கென்று ஒரு கட்டு செக்கை முன்கூட்டியே தேதி போட்டு பைனான்ஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த தாள்களைக் கொண்டு அப்பா ஊரோடு வரவு செலவு நடத்த ஆரம்பித்தார். டயர் கடைக்குச் செக். மளிகைக் கடைக்குச் செக். கோயில் வரி வாங்க வந்தவர்களுக்கும் செக். அதை வாங்கிக்கொண்டு போனவர், "ஆத்தா எந்த பேங்குல கணக்கு வெச்சிக்கிறா?" என்று கேட்டதாக ஊரில் ஒரு கதை உலவியது. உண்மையோ பொய்யோ, பள்ளிக்கூட வேனில் பையன்கள் அதை என்னிடம் வாரம் தவறாமல் கேட்டார்கள்.

அப்போது பெட்டிக்கடையில்கூட போனைக் காட்டிப் பணம் அனுப்ப, கட்டம் கட்டமாய் ஒரு அட்டை தொங்கத் தொடங்கிவிட்டது. இளநீர்க்காரர் மரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார். கம்பெனிக் கணக்குப்பிள்ளை வற்புறுத்தியதால் அப்பாவும் ஒரு நல்ல போன் வாங்கினார். அதில் பணம் அனுப்பும் ஆப்பைப் போட்டுக்கொடுத்தது ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான்தான். பின் நம்பரும் நான் வைத்ததே. அப்பா அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பத்து ரூபாயை அம்மா போனுக்கு அனுப்பிக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"தொட்ட ஒடனே போயிடுது. மனுசனுக்கு ஒரு ரெண்டு நாளு டைம் வேணாமா?" என்றார்.

எதற்கு டைம் என்று எனக்கு விளங்கவில்லை. பணம் இருந்தால் கொடுப்பது, இல்லாவிட்டால் இல்லை என்பது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவுக்குப் புதுசு என்றால் பயம் என்று முடிவு கட்டிவிட்டேன். பன்னிரண்டு வயதில் பெற்றவர்களைப் பற்றி முடிவு கட்டுவது மிகச் சுலபமான காரியம்.

அந்த வருஷம் அத்தை மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை, கிருமாம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். புகுந்த வீட்டில் கொஞ்சம் வசதி. கடலூர் ரோட்டு மேலேயே மண்டபம் பிடித்திருந்தார்கள். எங்கள் வேனிலேயே சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு, தாரை தப்பட்டையோடு போய் இறங்கினோம். பட்டுப்பாவாடை, வளையல், பழம், பூ, பாத்திரம் என்று தட்டுகள் வரிசையாகப் போயின. முன்னால் அப்பா. தாய்மாமன் என்று தலைப்பாகை கட்டி மாலை போட்டிருந்தார்கள். அவ்வளவு நேரம் அப்பாவைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மொய் எழுதிய பிறகுதான் மற்றவர்கள் எழுதுவார்கள். எவ்வளவு என்று மைக்கில் சொல்லுவார்கள். அந்தத் தொகையை வைத்துத்தான் பிறந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு என்ன மதிப்பு என்று புகுந்த வீடு எடை போடும். அன்று மைக்கைப் பிடித்திருந்தது அத்தையின் கொழுந்தன். அவருக்கு ரோட்டு மேல் மொபைல் கடை. கடையிலிருந்த பணம் அனுப்பும் அட்டையையும், பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் சின்னப் பெட்டியையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து மொய் மேசையில் வைத்து, அட்டைக்குச் சாமந்திச் சரமும் சுற்றியிருந்தார்.

அப்பா மேசைக்கு முன்னால் போய் நின்று சட்டைப் பையிலிருந்து செக்கை எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

கொழுந்தன் வாங்கிப் பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் மொய், பத்தாயிரத்து ஒண்ணு. இப்போதிக்கு பேப்பர்ல. பேங்குல பணம் வந்ததும் மறுபடி அறிவிப்பம்."

மண்டபமே சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. விசேஷ வீட்டில் மாமன் மச்சான் கேலி நடப்பதுதான். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. மேடையில் அத்தை மகள் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய பள்ளித் தோழிகள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் என் அப்பா மாலையும் தலைப்பாகையுமாக நின்று அசடு வழிகிறார். இவர் என் அப்பா இல்லை என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே நினைத்தேன்.

அப்பாவின் போன் அம்மாவின் கைப்பையில் இருந்தது. அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். எடுத்து முதலில் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணத்தை இவ்வளவு வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் ஊர் சிரிக்கப் பேப்பரை நீட்டுகிறார்? நேரே மேசைக்குப் போனேன். அட்டைக்கு நேரே போனைப் பிடித்தேன். தொகையைப் போட்டேன். பின் நம்பரை அடித்தேன்.

பெட்டி பேசியது. பெண் குரலில், தெளிவாக, பத்தாயிரத்து ஒரு ரூபாய் வந்து சேர்ந்தது என்று சொன்னது. கொழுந்தன் திகைத்து, பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இதாண்டா தாய்மாமன் மொய். மச்சான் பொண்ணு எம்மா வெவரம் பாத்தியா?" என்றார். கைதட்டினார்கள். செக்கை இரண்டு விரலால் பிடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் அதை எல்லார் முன்னாலும் நாலாகக் கிழித்து, எச்சில் இலைக் கூடையில் போட்டேன்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேம்பா."

"முழுசுமா?"

"முழுசும்."

"செரி" என்றார். கொஞ்சம் கழித்து, "செரிடா கண்ணு" என்று என் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

பந்தியில் அத்தை எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். புதுப்புடவையும் முகம் முழுக்க வியர்வையுமாக இருந்தாள். "உங்கப்பா எழுதுன செக் எங்கடி?" என்றாள். கிழித்துப் போட்டதைச் சொன்னேன். அத்தை என்னையே பார்த்தாள். பிறகு என் இலையில் இன்னொரு வடையை வைத்துவிட்டுப் போனாள். நான் அந்த வடையைப் பரிசு என்று எண்ணித் தின்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பைனான்ஸில் வைத்திருந்த தவணைச் செக் அன்றுதான் வங்கிக்குப் போகும். அதற்கு முன்னால் இரண்டு தவணை நின்றுபோயிருந்தது. இந்தச் செக் பாஸாகாவிட்டால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கணக்கில் நான் பார்த்த பணம் அதற்காகக் கட்டிக் காத்து வைத்த பணம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா காலையிலிருந்து யார் யாரிடமோ போய்விட்டு வந்தார். சீர்த்தட்டுக்கே நாலு பேரிடம் கை நீட்டியாகிவிட்டது. மறுபடி அதே வாசல்களில் போய் நின்றால் யார் கொடுப்பார்கள்? செக் திரும்பிவிட்டது.

வண்டியை வீட்டில் வந்து எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் மறித்தார்கள். இரண்டாம் ஷிப்ட் முடிந்த பெண்கள் டிபன் பையோடு இறங்கி ரோட்டில் நின்றார்களாம். அப்பா ஒவ்வொருவருக்காக ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, கடைசியில் தான் நடந்து வந்தார்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். "யாரக் கேட்டுடி போன எடுத்த?"

"வுடு" என்றார் அப்பா. "கொயந்த இன்னா பண்ணும்? கூட்டத்துல அப்பன் அசிங்கப்படக் கூடாதுன்னு பண்ணிச்சு."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. பாவம் அப்பா என்று அழவில்லை. பார், அப்பாவே என் பக்கம் பேசுகிறார், அம்மாவுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று அழுதேன். இதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிடலாம் போலிருக்கிறது.

இரண்டொரு நாளில் அத்தை பஸ் பிடித்து வந்தாள். மடியிலிருந்து பணத்தை எடுத்தாள். கொழுந்தன் கணக்கில் போய் விழுந்த பணம். அதை வெளியே எடுக்க அந்த வீட்டில் யாரிடம் என்ன பொய் சொன்னாளோ.

"இத மொதல்ல எடுத்துக்கினு போயி வண்டிய மீட்டுக்கினு வா அண்ணா."

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மைக்ல சொன்ன மொய்ய திருப்பி வாங்குனா நாளைக்கு உன்ன இன்னா பேசுவானுங்கோ தெரியுமா? அண்ணங்காரன் குடுக்கிற மாரி குடுத்து வாங்கிக்கினு பூட்டான்னு சொல்லுவானுங்கோ. உள்ள வையி."

"யாருக்கும் தெரியாது."

"தெரியும். பணம் உன் கொழுந்தன் கணக்குல வுழுந்துச்சு. அங்கேர்ந்து எடுத்தா எங்க போச்சுன்னு உங்க வூட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

அத்தை அழ ஆரம்பித்தாள். "நீ எழுதிக் குடுத்த செக்க நானு என்னைக்காவது பேங்குல போட்டுக்கிறனா? வூடு கட்டி குடி போனப்ப குடுத்த. பையனுக்குக் காது குத்தனப்ப குடுத்த. ஒண்ணாவது போட்டனா அண்ணா? இதயும் அப்பிடியே வெச்சிக்கினு இருந்திருப்பனே."

அப்பா வண்டி நிற்கும் வாசலைப் பார்த்தார்.

சபையில் அண்ணன் பெரிய தொகை எழுத வேண்டும். தங்கை அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அண்ணனுக்கும் மரியாதை, தங்கைக்கும் மரியாதை, வண்டிக்கும் ஆபத்தில்லை. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் நடத்தி வந்த ஏற்பாடு அது. அன்றுதான் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்திருக்கிறது, அதுவும் என் முன்னால். வண்டி அதற்குப் பிறகு திரும்பவில்லை. அப்பா இன்றைக்கும் வேறொருவர் வேனைத்தான் ஓட்டுகிறார். இதெல்லாம் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

அன்று கதவோரம் நின்ற எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். அத்தைக்கு வங்கிக்குப் போய்ச் செக் போடத் தெரியாது. பாவம், அதனால் அண்ணன் கொடுத்த பணமெல்லாம் வராமலே போய்விட்டது. அதை நினைத்துத்தான் அழுகிறாள்.

நான் கிட்டே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழாத அத்த. உன் போன குடு, நான் ஆப் போட்டுத் தரேன். இனிமே அப்பா எவ்ளோ குடுத்தாலும் ஒடனே உன் கணக்குல வந்துடும்" என்றேன்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா, கொடு என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.