சோளகத்துக்கு எதிரே அம்மாவின் சைக்கிள்

எங்கள் அம்மா வடமராட்சியில் பிறந்தவர். நடக்கப் பழகியது கிளிநொச்சியை அடுத்த வட்டக்கச்சியில். குடியேற்றத் திட்டத்தில் தகப்பனாருக்குக் கிடைத்த வயற்காணிக்கு அவர் கைக்குழந்தையாக வந்து சேர்ந்தார். அங்கேயே படித்தார், அங்கேயே மணம் முடித்தார். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அப்பா காய்ச்சலில் காலமானார். அதன்பின் அண்ணாவையும் என்னையும் அந்த வயல்தான் வளர்த்தது என்று அம்மா சொல்வார். வயலை வளர்த்தவர் அம்மா.

போர்க்காலத்தில் விசுவமடுவுக்கும் அதற்கப்பாலும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு சுவர் மட்டும் நின்றது. மேசன் அதை இடித்துவிடலாம் என்றார். "நிக்கிறதை ஏன் இடிப்பான்?" என்று கேட்டு, அந்தச் சுவரிலிருந்தே அம்மா புதிய வீட்டைத் தொடங்குவித்தார். வந்துபோன உறவினர் பலருக்கு அந்த வீடு தெரியும்.

வன்னியில் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அம்மாவுக்குத் தெரியாது. அவருக்குச் சைக்கிள் ஓட வராது. சிறுவயதில் தகப்பனாரின் சைக்கிள் பாரில் இருந்து போனார். பின்னர் அப்பாவின் கரியரில். அதன்பின் அயலவரின் உழவு இயந்திரப் பெட்டியில். இடம்பெயர்ந்த காலத்தில் சாமான் கட்டிய சைக்கிள் உருட்டியிருக்கிறார். அதில் அவர் ஏற இடமிருந்ததில்லை.

அவர் அறுபது வயதைக் கடந்த பின் எண்பது கிலோமீற்றரளவு தூரத்திலுள்ள வவுனியா வரை சைக்கிளில் போன கதையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஒரே நாளில் போனார் என்றும், பாதிவழி பஸ்ஸில் போனார் என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டும் சரியல்ல. கூடப் போனவள் நான் என்பதால் நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வேலைக்காக வெளியூரில் தங்கியிருந்த ஒரு மாரியில் அம்மா கடும் காய்ச்சலோடு தனியே கிடந்தார். மழைக்குள் நடந்து பிரதான வீதிக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்துநின்று வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். செய்தி தெரிந்ததும் வவுனியாவில் குடும்பத்தோடு இருக்கும் அண்ணா புறப்பட்டு வந்தார். குசினி அடுப்படியிலேயே கதை தொடங்கியது.

"தனிய இருந்தது இனிக் காணும் அம்மா. வயலைக் குத்தகைக்குக் குடுத்துப்போட்டு எங்களோடை வந்திருங்கோ. கடைக்குப் போறதெண்டாலும் ஆரேன் உங்களை ஏத்தவேணும். நாளைக்கு ஒண்டெண்டால் என்ன செய்வியள்?"

"அப்ப எனக்குத் தனியப் போய்வரத் தெரியாதெண்டதுதான் குறையோ?"

"ஓம், அதுதான்."

"போய்வரப் பழகினால்?"

அண்ணா சிரித்தார். "என்னத்திலை, சைக்கிளிலையோ? பழகி வவுனியாவுக்கு ஓடிக்கொண்டு வாங்கோவன். அதுக்குப் பிறகு நான் இந்தக் கதையே எடுக்கமாட்டன். வராட்டில் வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோடை வரவேணும்."

"சொன்ன சொல்லு மாறாதை, தம்பி" என்றார் அம்மா. அண்ணா சிரிப்பதை நிறுத்தினார்.

பழக்கியவர் பக்கத்துக் காணி கமலா அக்கா. வாய்க்கால் ஓரத்து மண் வீதியில் கரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடி, "சில்லைப் பாராதேங்கோ மாமி, வீதியைப் பாருங்கோ!" என்று அவர் கத்துவது எங்கள் வீட்டு வாசற்படலைவரை கேட்கும். அம்மா ஒருமுறை வாய்க்காலுக்குள் விழுந்தார். ஆனாலும் ஓடப் பழகிவிட்டார். ஏறத்தான் வரவில்லை. நிலத்திலிருந்து தள்ளிப் புறப்பட அவரால் முடியாது; மதகுக் கட்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் புறப்படுவார். வட்டக்கச்சியில் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் குறைவில்லை என்பதால் அது ஒரு குறையாக எங்களுக்குப் படவில்லை.

அண்ணா தொலைபேசியில் நிபந்தனை வைத்தார். "தங்கச்சி ஸ்கூட்டியிலை பின்னாலை வரட்டும். இல்லாட்டி அம்மா கிளிநொச்சியிலை சைக்கிளோடை பஸ்ஸிலை ஏறி இங்கை கிட்ட ஓமந்தையிலை இறங்குவா." நான் சாட்சி மட்டும். அம்மாவின் சாமானை ஏற்றக்கூடாது. சைக்கிளைத் தொடவும் கூடாது.

அம்மா புறப்பட்டது சிறுபோக அறுவடை முடிந்த கையோடு. வயலில் வேலையில்லாத காலம், வீட்டில் புது அரிசி இருக்கும் காலம் என்று பார்த்தாரே தவிர, தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம் என்று பார்க்கவில்லை. அந்தக் காற்றில்தான் அவர் ஆண்டுதோறும் நெல் தூற்றினார். வவுனியாவுக்குப் போகிறவரின் முகத்தில் அது நேரே அடிக்கும் என்பது ஏ9 வீதியில் ஏறிய பிறகே தெரிந்தது.

இரண்டாவது பிழை சுமை. மகன் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று, கரியரில் அரிசிப் பையும் அதன்மேல் ஒரு பலாப்பழமும் கட்டியிருந்தார். கைபிடியின் ஒரு பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டு, மறுபக்கத்தில் நல்லெண்ணெய்ப் போத்தல். இடம்பெயர்ந்த நாட்களில் சைக்கிளில் கட்டிய அதே முறையில் கட்டினார். அப்படிக் கட்டிய சைக்கிள் உருட்டுவதற்கு நல்லது. ஓட்டினால் முன்சில்லு தன் எண்ணத்துக்குத் திரும்பும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்காமல் போகும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அம்மாவும் இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துக் கும்பிட்டார். திரும்ப ஏறுவதற்கு அங்கே மதகு இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுத் தேங்காய் உடைக்கும் கல்லின் பக்கமாகச் சைக்கிளை உருட்டினார்.

"ஐயோ அம்மா, அதிலை கால் வைக்காதேங்கோ!" என்று கச்சான் கடலை விற்கும் பெண் எழும்பி ஓடிவந்தார். "எங்கை போறியள் இவ்வளவு சாமானோடை? வீடு மாறுறியளோ?"

"இல்லைப் பிள்ளை. மாறாமல் இருக்கத்தான் போறன்."

அந்தப் பெண் தான் இருந்த பலகைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, இரு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா யோசித்தார். பிறகு பலாப்பழத்தை அவிழ்த்து அவரிடம் கொடுத்தார். "பிள்ளையளுக்குக் குடுங்கோ. இது என்னை விழுத்திப்போடும்." முருங்கைக்காய்க் கட்டும் நல்லெண்ணெய்ப் போத்தலும் அங்கேயே கைமாறின.

அதற்குப் பிறகு ஓட்டம் சீரானது. ஆனால் வேகமாகப் போகும் பஸ் ஒவ்வொன்றும் அவரை வீதியோரக் கிரவல் மண்ணுக்குத் தள்ளியது. ஒரு தனியார் பஸ் வேகத்தைக் குறைத்தது. நடத்துநர் மிதிபலகையில் நின்று, "வவுனியாவே அம்மா? ஏறுங்கோ, சைக்கிளைப் பின்னுக்குப் போடுவம், காசும் வேண்டாம்!" என்றார்.

"பின்னாலை வாறவ பேப்பர்க்காரி, தம்பி. எழுதிப்போடுவா" என்று அம்மா திரும்பாமலே ஒரு பொய் சொன்னார். திரும்பினால் விழுந்துவிடுவார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அன்றிரவு மாங்குளத்தில் அப்பாவின் மச்சாள் வீட்டில் தங்கினோம். அம்மாவால் கதிரையில் இருக்க முடியவில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"உமக்கென்ன விசரோ? பெடியன் வா எண்டு கூப்பிட்டால் போயிருக்கிறதுக்கு!" என்றார் மச்சாள்.

"போயிருந்தால் நல்லாப் பார்ப்பான். எனக்குத் தெரியும். ஆனா அங்கை விடிய எழும்பி நான் என்ன செய்யிறது, சொல்லும் பார்ப்பம்?"

மச்சாள் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். பழைய சேலை ஒன்றை மடித்துச் சைக்கிள் சீற்றில் கட்டிக்கொடுத்தார். காற்று எழும்ப முன்னம் வெளிக்கிடும்படியும் சொன்னார். அதுதான் அந்தப் பயணத்தில் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை. மறுநாள் புளியங்குளம் வரை அம்மா தடங்கலின்றி ஓடினார்.

ஓமந்தைக்கு முன்பு மணல் ஏற்றிய லொறி ஒன்று உரசுவதுபோலப் போனது. அம்மா கிரவலில் விழுந்தார். முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் உரிந்து இரத்தம் வந்தது. நான் ஸ்கூட்டியை விட்டுவிட்டு ஓடினேன்.

"சைக்கிளைத் தொடாதை. என்னை வேணுமெண்டால் தூக்கு" என்றார்.

காயத்தைக் கழுவிக் கட்டினேன். அண்ணாவுக்கும் அழைத்துச் சொன்னேன். அந்த இடத்தில் மதகு இல்லை. அம்மா நொண்டியபடி சைக்கிளை உருட்டினார். மதகு ஒன்று வர வெகுதூரமாயிற்று. அதில் காலை ஊன்றி மறுபடி ஏறினார்.

ஓமந்தை தாண்டியதும் எதிரே அண்ணா மோட்டார் சைக்கிளில் வந்தார். அம்மாவின் முழங்காலைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

"காணும் அம்மா. நீங்கள் வெண்டாச்சு. ஏறுங்கோ."

அம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏற இடமில்லை. "நீ பாவம் பார்த்துச் சொல்லி நான் வெல்லக்கூடாது. உன்ரை படலையிலை வைச்சுச் சொல்லு" என்றார். அண்ணா மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் வந்தார். வீதியில் வாகனங்கள் கூடத் தொடங்கின. பிறகு அம்மாவே சொன்னார்: "தம்பி, எனக்கு ரவுணுக்குள்ளை ஓடத் தெரியாது. நீ முன்னாலை போ. நான் உன்ரை முதுகைப் பார்த்துக்கொண்டு வாறன்."

அப்படியே வவுனியா நகருக்குள் போனோம். முன்னே அண்ணா, சந்திகளில் வாகனங்களுக்குக் கை காட்டி நிறுத்தியபடி, நடுவில் அம்மா, பின்னால் நான். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் ஹோன் அடித்தபோது அண்ணா அவரைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை. இது உதவியாகாதா என்று எவரும் சாட்சியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆகாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

படலையில் அண்ணி தண்ணீரோடு நின்றார். அம்மா இறங்கி, அரிசிப் பையை அவிழ்த்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு அண்ணாவைப் பார்த்தார்.

"வெண்டிட்டியள்" என்றார் அண்ணா.

காயம் ஆறியதும் அம்மா பஸ்ஸில் வீடு திரும்பினார். சைக்கிளும் அதே பஸ்ஸில் வந்தது. அதன்பின் சந்தைக்கும் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை. நோய் தன்னை முடக்கும்வரை தன் வயலைத் தானே செய்வித்தார். அவர் கேட்டது இந்த ஆண்டுகளைத்தான். அவை அவருக்குக் கிடைத்தன. சென்ற மாதம், அந்த ஒற்றைச் சுவரிலிருந்து கட்டிய வீட்டில், அண்ணாவும் அண்ணியும் நானும் பக்கத்திலிருக்க அமைதியாகக் கண்மூடினார்.

அம்மாவின் நோயின்போது இரவு பகல் பாராது பார்த்த கமலா அக்கா குடும்பத்தினருக்கும், கனிவோடு கவனித்த வைத்தியர்கள், தாதியருக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த வட்டக்கச்சி மக்களுக்கும், தூரத்திலிருந்து வந்தும் அழைத்தும் துயர் பகிர்ந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் கேட்க மறந்த அந்தக் கச்சான் விற்கும் சகோதரிக்கும் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இனி வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று வைத்தியர் சொன்ன நாளில், உறவினர் ஒருவர் வைத்தியசாலை வாசலில் அண்ணாவிடம், "நீர் அப்பவே அவவை வவுனியாவுக்குக் கொண்டுபோயிருந்தால் இப்பிடி வந்திராது" என்றார். "அவா கேட்டு வெண்டவா, மாமா. அது முடிஞ்ச கதை" என்றார் அண்ணா. பிறகு உள்ளே போய் அம்மாவின் கட்டிலருகே குனிந்தார்.

"அம்மா, வாகனம் வந்திட்டுது. வட்டக்கச்சிக்குப் போவம். நானும் அங்கைதான் நிக்கப்போறன்."

– மகள்